வேடு கட்டிய பெட்டி

செப்டம்பர் 2, திங்கள்

நகைக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோவுக்குள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எழுப்பிவிட்டேன். வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளை எங்காவது குறித்து வைக்க வேண்டுமே.

விருந்தாளி ஒரு பெட்டி. டிபன் கேரியர் உயரம், வெள்ளை நிறம். அடியில் சல்லடை மாதிரிக் கண்கள், அதற்குள்ளே ஒரு குட்டி மின்விசிறி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பி நட்டு அதில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள் ரெஜினா என்கிற பெண். பல்கலைக்கழகத்தில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். பெட்டி எப்படி வேலை செய்யும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். ஆனால் நடுவில் அதன் விலையைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் மேகலா நகருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். போன வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம், தற்காலிகம் என்று சொல்லி, ஒரு திடல் போட்டார்கள். ரிப்பேர் பார்த்த விமானங்களை அங்கே நிறுத்தி, நகராமலே முழு வேகத்தில் என்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். நாங்கள் அதற்கு உறுமல் திடல் என்று பேர் வைத்திருக்கிறோம். உறுமி முடித்ததும் தெரு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. வரும் ஜனவரியில் அதை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனுக் கொடுத்ததற்கு, மூச்சு முட்டுகிறது என்று வாயால் சொன்னால் போதாது, கணக்குக் காட்டுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பெட்டி. சுவருக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பது எங்கள் மாடி. பெட்டி காட்டும் கணக்கு மோசமாக இருந்தால் திடலை ஓடுபாதையின் அந்தக் கோடியில் ஆள் இல்லாத பொட்டலுக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் உறுமல் எங்களுக்கே சொந்தம்.

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் கோமதி, திடல் நிரந்தரம் என்றால் காலி பண்ணிவிடுவோம் என்று சொல்லிவிட்டாள். அவள் பிள்ளை செழியனுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறது. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. செழியன் தவழாத வீட்டை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெட்டி நலம்.

செப்டம்பர் 6, வெள்ளி

இந்தத் தெருவில் எனக்கு சோப்பு சம்பூர்ணம் என்று பேர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடியைக் கழுவிவிடப் போனேன். போகிற வழியில் படி திரும்பும் இடத்தில் மணி பிளாண்ட் தொட்டி இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனேன். அழகான செடி.

மேலே போய்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் சல்லடைக் கண்ணெல்லாம் கறுப்புத் தூசி. அந்தப் பெண் வந்து பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள். ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. இவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, இரண்டாக மடித்து, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிற மாதிரி பெட்டியின் அடியில் இறுக்கிக் கட்டிவிட்டேன். இனி ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகாது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். பேர் தேசிங்கு. அரசு பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்த்துக்கொண்டே ஆயுசைக் கழித்தவருக்கு ஓய்வு பெற்றதும் கை அரித்தது. இப்போது விமானங்களுக்கு நேரம் பார்க்கிறார். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. காலையில் வாசலில் நாற்காலியைப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விமானம் என்று சொல்லமாட்டார். வண்டி என்பார்.

"துபாய் வண்டியை இன்னும் காணோம்" என்றார் இன்றைக்கு.

"டயர் பஞ்சரா இருக்கும்" என்றேன்.

"லேட்டு. வந்துடும்" என்றார். வந்தது. தலையை அண்ணாந்து அது மறையும் வரை பார்த்தார். அந்த முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

பெட்டியின் வேட்டித் துணியை அவிழ்த்துத் துவைத்தேன். அம்மாடி, என்ன அழுக்கு. முதல் தண்ணீர் மை கரைத்த மாதிரி வந்தது. மூன்று முறை அலசியும் ஓரமெல்லாம் கறுப்பு. நீலம் போட்ட பிறகுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. மாற்றிக் கட்ட இன்னொரு துண்டு கிழித்து வைத்திருக்கிறேன். பெட்டிக்கு இப்போது இரண்டு செட் உடுப்பு. இவருக்கே அவ்வளவுதான் நல்ல வேட்டி இருக்கிறது.

கோமதியிடம் ஒரு சின்னச் சண்டை. மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டேன். "அது சுவருக்கு அந்தப் பக்கத்து வாடைம்மா, நம்ம வீட்டு வாடை இல்ல" என்றாள். செழியனுக்கு மூக்கில் மருந்துப் புகை வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்தக் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. கொஞ்ச நாளாகவே அடைக்கிறது. புளிப்பைக் குறைக்க வேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

ரெஜினா போன் பண்ணினாள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறதாம், கணக்கெல்லாம் அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடுமாம்.

"ஆன்ட்டி, உங்க மாடியில காத்து ஆச்சரியமா இருக்கு. முதல் நாலஞ்சு நாள் ரொம்ப மோசம். அப்புறம் திடீர்னு அவ்வளவு சுத்தம். பெட்டி சரியாத்தான் இருக்கா?"

"கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்மா. பிள்ளை மாதிரி" என்றேன்.

போனை வைத்தபின் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கூட்டிப் பெருக்கியதற்கு இன்றைக்குத்தான் ஒரு பல்கலைக்கழகம் மெச்சியிருக்கிறது. இவரிடம் சொன்னேன். "அப்ப சங்கத்துக்கு அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லதை நல்லது என்று சொல்ல இவருக்கு எப்போதுமே வராது.

செப்டம்பர் 27, வெள்ளி

துணி மாற்றப் போனேன். இறங்கி வரும்போது இவர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"போறப்பவும் நிக்கற, வர்றப்பவும் நிக்கற. மணி பிளாண்டுக்கும் உனக்கும் அப்படி என்ன பேச்சு?"

"அதுக்காவது காது கொடுத்துக் கேக்கத் தெரியுது" என்றேன்.

அதற்கு மேல் பேச வரவில்லை. இருமல். துவைத்த துணியில் இருந்த தூசி மூக்கில் ஏறியிருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், இவருடைய ஸ்கூட்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் குளியல் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். வீட்டில் இருக்கிற மெஷினிலேயே விலை கூடியது மாடியில் தனியாக நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. வேட்டை அவிழ்த்து, துடைத்து, முகத்துக்கு மூன்று பொட்டு வைத்து, முல்லைச் சரம் சுற்றினேன். இவர் தூபக்கால் நிறையச் சாம்பிராணி போட்டுக் கொண்டுவந்து, நாலு பக்கமும் சுற்றிக் காட்டி, பெட்டியின் அடியிலும் நன்றாகக் காட்டினார். குட்டி விசிறி புகையை ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டது. எங்களுக்குப் பரம சந்தோஷம்.

செழியனைக் கோமதி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாம்பிராணிதான் காரணம். அடுத்த வருஷம் வேறு கடையில் வாங்க வேண்டும்.

பூஜை முடிந்ததும் பெட்டிக்கு மறுபடி வேடு கட்டிவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

ரெஜினா காலையிலேயே போன். "ஆன்ட்டி, நேத்து அங்க ஏதாவது தீப்பிடிச்சுதா?"

"இல்லையேம்மா. தெருவே அமைதியா இருந்துது."

"கணக்கு வானத்துக்குப் போயிருக்கு ஆன்ட்டி. திரும்ப ஒரே நிமிஷத்துல தரைக்கு வந்துடுச்சு. நான் நேர்லயே வரேன்."

வரட்டும். பொரி கடலை மிச்சம் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

இதை எழுதக் கை கூசுகிறது.

ரெஜினா வந்தாள். மாடிக்குப் போனாள். வேட்டித் துணி, வாடிய முல்லைச் சரம், சந்தனம், குங்குமம், எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்து அழுதாள்.

காற்றில் உள்ள தூசியை எண்ணுவதுதான் அந்தப் பெட்டியின் வேலையாம். தூசி உள்ளே போனால்தான் கணக்கு. நான் வேடு கட்டி மூக்கை மூடிவிட்டேன். நீக்கிய ஒரே நாளில் சாம்பிராணி போட்டேன். செப்டம்பர் கணக்கை அவள் அதிகாரிகளுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாளாம். மேகலா நகரில் காற்று மலைவாசஸ்தலம் போல இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறதாம்.

"செப்டம்பர்ல கட்டின துணியாவது இருக்கா ஆன்ட்டி? அதுல படிஞ்சிருக்கறதையாவது பாக்கலாம்."

"இருக்கும்மா. துவைச்சு, நீலம் போட்டு வெச்சிருக்கேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். செயலாளர் திருஞானம் பாங்கு வேலையில் இருந்தவர், கோபம்கூட நிதானமாகத்தான் வரும். "ஊருக்கே மூச்சு முட்டுது. இந்தம்மா பெட்டிக்கு மாஸ்க் போட்டிருக்காங்க" என்றார். கூட்டமே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். நான், கோமதி. இவர்கூடக் கொஞ்சம் சிரித்தார், அப்புறம் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரெஜினாதான் காப்பாற்றினாள். திடலைப் பற்றிய விசாரணை ஜனவரியில்தான், தீபாவளிப் புகை அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து எடுக்கிறேன் என்றாள். பெட்டியை வேறு வீட்டில் வைக்கலாம் என்றார் திருஞானம். சுவருக்குப் பக்கம் இந்த மாடிதான், வேறு இடத்தில் வைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அப்படியானால் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் தர வேண்டும் என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து சொன்னேன். "பூட்டெல்லாம் வேணாம். விசாரணை முடியற வரைக்கும் மாடிப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். இது என் வாக்கு."

"உங்களால முடியாதும்மா" என்றார் திருஞானம்.

பார்க்கலாம்.

நவம்பர் 18, திங்கள்

பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. துணி இல்லாமல், பொட்டு இல்லாமல், அம்மணமாக நிற்கிறது. கோமதி சொன்னாள். நான் போகவில்லை.

துணிகளை இனி முன் வாசலிலேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். தெருவில் போகிறவர்கள் இவருடைய பனியன் ஓட்டைகளை எண்ணிக்கொண்டு போகிறார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

மாடிக்குப் போகக் கூடாது என்றுதான் வாக்கு. படி திரும்பும் இடம்வரை போகலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தச் செடியின் அழகு முழுசாகத் தெரிகிறது. வெகுநேரம் பார்த்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மணி பிளாண்டுக்குப் படியில் வெளிச்சம் போதவில்லை. கீழே கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். இவர் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு அங்க."

"இலை பழுக்குது."

தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெருவில் எல்லா மாடிச் சுவரிலும் அகல் வரிசை. எங்கள் வீட்டில் மட்டும் வாசலோடு சரி. திருஞானம் அந்தப் பக்கம் போனவர் நின்று, "மாடியில ஒரு விளக்குகூட வைக்கல. நிஜமாவே வாக்கு காப்பாத்தறீங்கம்மா. நான் தப்பா பேசிட்டேன்" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றேன். பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் என் பேர் மாறிக்கொண்டு வருகிறது. சோப்பு சம்பூர்ணம் போய் இப்போது தியாகி சம்பூர்ணம்.

இவர் குறட்டை தாங்கவில்லை. கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி தூங்குவது முதுகுக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

மார்கழி. வழக்கமாக வாசலை அடைத்துக் கோலம் போடுவேன். இந்த வருஷம் சின்னதாகப் போடுகிறேன். சின்னக் கோலம்தான் நாகரிகம்.

உறுமல் இன்று பனியோடு சேர்ந்துகொண்டது. வாடை கீழேயே நின்றது. செழியனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தான். என் மடியில் போட்டுக்கொண்டேன். அவன் மூச்சும் என் மூச்சும் ஒரே தாளத்தில் விசில் அடித்தன. கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சளிம்மா" என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இந்த இடத்தை வாங்கியபோது இவருடைய அண்ணன்மார் எல்லோரும் சிரித்தார்கள். விமானச் சத்தத்தில் யாராவது வீடு கட்டுவார்களா என்று. இவருக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். ஊரையெல்லாம் நேரத்துக்கு அனுப்பி வைத்தவர், தான் எங்கேயும் போனதில்லை. விமானத்தில் ஏறியதும் இல்லை. தலைக்கு மேல் பறக்கிற ஒவ்வொரு வண்டியையும் தானே வழியனுப்பி வைப்பதாக ஒரு நினைப்பு. இந்த விமானப் புகைதான் என்னை மூச்சு வாங்க வைக்கிறது என்று யாராவது ஒரு டாக்டர் இவரிடம் சொல்லிவிட்டால், அப்புறம் இவர் அண்ணாந்து பார்க்கவே மாட்டார். நாளைக்கே வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்பார்.

எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்வதாக இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

ரெஜினா குதித்துக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, கணக்கு படு மோசம். சூப்பர்." இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்காம். அதிலும் உறுமுகிற நேரத்திலெல்லாம் கோடு மலை மாதிரி ஏறுகிறது, உறுமல் நின்றதும் இறங்குகிறது. திருஞானம் வீட்டில் கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். நாம் எல்லோரும் எவ்வளவு விஷத்தை உள்ளே இழுக்கிறோம் என்பதற்கு முந்திரி போட்டுக் கேசரி சாப்பிட்ட ஒரே நகர் எங்கள் நகராகத்தான் இருக்கும்.

ஜனவரி 8, புதன்

விசாரணை. நல்லவேளையாக மண்டபம் தரைத் தளத்தில்தான்.

மேடையில் நடுவில் ஒரு பெண் அதிகாரி. விமான நிலையத்தின் தரப்பில் ஒரு நிபுணர், மரியாதையான மனிதர், சத்தம் போட்டுப் பேசவில்லை. ரெஜினா திரையில் கோடுகளைக் காட்டிப் பேசி முடித்ததும் அவர் எழுந்தார். அக்டோபர் மாதத்து ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டினார். சாம்பிராணிக் கோடு.

"இது ஆயுத பூஜை. அதுக்கு முன்னாடி பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தாங்க. அதே வீடு, அதே அம்மா. இந்தத் தடவை அவங்க பெட்டிகிட்ட போகலன்னு எப்படி நம்பறது? கார்த்திகை வந்துச்சு, மார்கழி வந்துச்சு. இத்தனை நாள் மொட்டை மாடிக்குப் போகாத குடும்பத் தலைவி நம்ம ஊர்ல உண்டா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. திருஞானம் எழுந்து, "அவங்க வாக்கு கொடுத்திருக்காங்க" என்றார். வாக்கையெல்லாம் பதிவு செய்ய முடியாது என்றார் நிபுணர். ரெஜினாவின் முகம் மாடியில் அழுத அன்றைக்கு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. கோமதி செழியனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

அதிகாரி என்னைக் கேட்டார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. மாடிக்கு ஏறவே இல்லையா?"

எழுந்து நின்றேன். இவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இவர் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

"ஏறலைங்க. வாக்கு கொடுத்ததுக்காக இல்ல. ஏற முடியல."

"புரியலம்மா."

"பாதிப் படிக்கு மேல மூச்சு வரலைங்க. முதல்ல நின்னு நின்னு போயிட்டிருந்தேன். தீபாவளிக்கு அப்புறம் படி திரும்பற இடத்தோட சரி. இப்ப அதுவும் முடியல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்துதான் தூங்கறேன். ஏற முடிஞ்சிருந்தா கண்டிப்பா ஏறியிருப்பேங்க. அந்தப் பெட்டியைத் துடைச்சும் இருப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. நிபுணர் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வேறு கேள்வி இல்லை என்றார். இறுதி உத்தரவு வரும்வரை சுவருக்குப் பக்கத்தில் என்ஜின் ஓட்டக் கூடாது, திடலை மறுகோடிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ரெஜினா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கோமதி அழுதாள். எனக்கு இவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. இவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"செடியைக் கீழ கொண்டுவரச் சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவியேன்னு பயம்."

இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக முட்டாளாக இருந்திருக்கிறோம்.

ஜனவரி 9, வியாழன்

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். நுரையீரல் குழாய் சுருங்கிப்போயிருக்கிறதாம். இத்தனை மாதம் என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். செடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா. இழந்தது முழுசும் திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். நானும் செழியனும் இனி ஒரே கட்சி.

வீட்டை விற்றுவிடலாமா என்று இவர் கேட்டார். திடல் போகட்டும், ஒரு வருஷம் பார்க்கலாம், அப்புறமும் முடியவில்லை என்றால் நானே சொல்கிறேன் என்றேன். "நீ சொல்லுவியா?" என்றார். சொல்கிறேன் என்றேன். இந்த வாக்கையாவது காப்பாற்ற வேண்டும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவில் யாரும் எதையும் கொளுத்தவில்லை. என்னைப் பார்த்துப் பயம்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து நாளாக உறுமல் இல்லை. கோமதி காலி பண்ணவில்லை.

காலையில் பார்த்தால் மணி பிளாண்ட் சமையலறை ஜன்னலில் இல்லை. இவர் அதை மறுபடி படி திரும்பும் இடத்தில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் தன்னுடைய வாசல் நாற்காலியையும் போட்டிருந்தார். கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைத்தார். மூச்சு வாங்கியது. இவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

துபாய் வண்டி வந்தது. படிக்கட்டு ஜன்னலில் பளபளவென்று தெரிந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்னங்க, உங்க வண்டி போகுது. அது என்ன பாவம் பண்ணுச்சு, பாருங்க. நேரம் குறிக்கலையா?"

"அதுக்கு இல்ல" என்றார். என் நெஞ்சு ஏறி இறங்குவதையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போவில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

எனக்குப் பேச வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் கேட்டேன்.

"லேட்டா?"

"கொஞ்சம் லேட்டு" என்றார். "வந்துடும்."